மதுவை விரட்ட வந்த வரி

கடைகளைக் குறைத்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், விலையை ஏற்றினார்கள். டாஸ்மாக் வருவாய் மட்டும் குறையவே இல்லை. உற்பத்தி உரிமம் முதல் சில்லறை விற்பனை வரை எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருக்கும் அரசால் குடியை ஏன் கட்டுப்படுத்த முடியவில்லை?

1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறக்கப்படவில்லை. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது அங்கேதான். அன்று மாகாண ஆட்சிக்குத் தலைமை ஏற்றிருந்த ராஜாஜிக்குச் சேலம் அந்நியமான ஊர் அல்ல. அங்கே வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்தபோது மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி.

கடையை மூடுவது ஒரு உத்தரவில் முடிந்துவிடும். கஜானாவில் விழும் ஓட்டையை அப்படி அடைக்க முடியாது. மாகாண வருவாயைத் தாங்கிய பெரிய தூண்களில் ஒன்று கள், சாராயக் குத்தகைப் பணம். அதை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லாப் பொருள்களுக்குமான பொது விற்பனை வரி இந்தியாவில் பிறந்தது அப்படித்தான். வணிகர்கள் கொதித்தார்கள். ஆனாலும் வரி நிலைத்தது, பிற மாகாணங்களும் பின்பற்றின, விடுதலைக்குப் பிறகு மாநில அரசுகளின் முதுகெலும்பாகவே ஆகிப்போனது.

இப்போது 2024-25 கணக்குக்கு வருவோம். டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்தது 48,344 கோடி ரூபாய். இதில் ஆயத்தீர்வை சுமார் 11,020 கோடி. மிச்சம் 37,000 கோடிக்கும் மேல் மதிப்புக்கூட்டு வரி. அதாவது அந்த 1939 விற்பனை வரியின் நேரடி வாரிசு. மதுப் பணம் வேண்டாம் என்பதற்காகப் பிறந்த வரி, இன்று மதுப் பணத்தில் நான்கில் மூன்று பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இது வெறும் சரித்திர விநோதம் அல்ல. டாஸ்மாக்கை மூடுவது ஏன் இவ்வளவு கடினம், மூடாமலே செய்யக்கூடியவற்றையும் ஏன் எந்த அரசும் செய்வதில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

திறப்பதும் மூடுவதுமாக

சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, போர்க்காலத்தில் கைவிடப்பட்டு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948-ல் மாகாணம் முழுவதுக்கும் விரிந்தது. 1971-ல் கருணாநிதி அரசு அதை ஒத்திவைத்தது. அன்று சொல்லப்பட்ட காரணமும் பணம்தான்: புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலங்களுக்கு மத்திய அரசு இழப்பீடு தரும், ஏற்கெனவே அமல்படுத்தி வருமானத்தை இழந்து நிற்கும் தமிழகத்துக்குத் தராது என்றால் என்ன நியாயம் என்று கேட்டார் கருணாநிதி. தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி நேரில் போய்க் கேட்டுக்கொண்டும் முடிவு மாறவில்லை.

1974-ல் மறுபடி கடைகள் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர் அரசு திறந்தது. 1983-ல் மொத்த விற்பனைக்கென்று தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தொடங்கப்பட்டது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 1990-ல் தி.மு.க. அரசு மலிவு விலை மதுவைக் கொண்டுவந்தது. 1991-ல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் அதை எடுத்தார். பாக்கி நின்றது 'இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது' என்ற பிராந்தி, விஸ்கி, ரம் வகையறாவும் பீரும்தான்.

2003 நவம்பர் வரை சில்லறைக் கடைகள் தனியார் கையில். உரிமம் எடுக்கிறவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு தொகையைக் குறைப்பது, வரி கட்டாத சரக்கை உள்ளே விடுவது, போலிச் சரக்கைக் கலப்பது என்று புகார்கள் குவிந்தன. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே கொடுத்தார் ஜெயலலிதா. 2003-04-ல் 3,639 கோடியாக இருந்த மது வருவாய், இருபத்தோரு ஆண்டுகளில் பதின்மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

அந்த மாற்றம் தனியார் கூட்டணியை உடைத்ததும், கசிந்துகொண்டிருந்த வரியை மீட்டதும் உண்மை. ஏகபோகத்துக்கு ஆதரவாகச் சொல்ல இன்னொன்றும் உண்டு. எந்த நேரத்தில் விற்பது, எங்கே விற்பது, எந்த அளவில் விற்பது, என்ன விலைக்கு விற்பது என்ற நான்கு கடிவாளமும் ஒரே கையில் இருக்கும்போது, குடியைக் கட்டுப்படுத்துவது எளிதாக இருக்க வேண்டும். அந்தக் கை கடிவாளத்தை எதற்குப் பயன்படுத்தியது என்பதுதான் கேள்வி.

ஒரு குவார்ட்டர் கடந்து வரும் வழி

கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து சாராவி (ஸ்பிரிட்) எடுக்கிறார்கள். அதோடு தண்ணீர், நிறம், மணம் சேர்த்து 42.8 சதவீத ஆல்கஹால் அளவுக்குக் கொண்டுவந்தால் பாட்டில் தயார். நிறமும் மணமும் மாறினால் அதுவே பிராந்தி, அதுவே ரம். தமிழ்நாடு பிராந்தி குடிக்கிற மாநிலம். வட இந்தியாவின் விஸ்கி மோகம் இங்கே எடுபடவில்லை. 180 மில்லி பாட்டில்கள் 48 கொண்டது ஒரு பெட்டி. ஆயத்தீர்வை வில்லை ஒட்டிய பெட்டிகள் ஆலையிலிருந்து டாஸ்மாக் கிடங்குக்கும், அங்கிருந்து கடைக்கும் போகின்றன.

வாங்குபவர் மாநிலம் முழுவதற்கும் ஒருவர்தான். எந்த ஆலையிடம், எந்தப் பிராண்டு, எத்தனை பெட்டி என்று முடிவெடுப்பது டாஸ்மாக் தலைமை அலுவலகம். மதுவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பது விதி. விளம்பரம் இல்லாத சந்தையில் அலமாரிதான் விளம்பரம். எந்தச் சரக்கு அலமாரியில் இருக்கிறதோ அதுதான் விற்கும். "அந்தப் பிராண்டு இல்லண்ணே, இதுதான் வந்திருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் வாங்குகிறவர் வாய்மூடி வாங்கிக்கொள்வார். அவருக்கு அடுத்த கடை என்று ஒன்று இல்லை. ஆகவே கொள்முதல் உத்தரவு என்ற அந்த ஒற்றைத் தாளின் மதிப்பு பல நூறு கோடி. ஆட்சி மாறும்போதெல்லாம் எந்த ஆலைக்கு எவ்வளவு ஆர்டர் போகிறது, அந்த ஆலைக்குப் பின்னால் எந்தக் கட்சிக்காரர் இருக்கிறார் என்ற பேச்சு எழுவது இதனால்தான்.

2025 மார்ச்சில் அமலாக்கத் துறை டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் சோதனை நடத்தி, ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு என்று குற்றம்சாட்டியது. தமிழக அரசு மறுத்தது. அரசு நிறுவனம் ஒன்றின் மீதே இப்படிப் பாய்வது எல்லை மீறல் என்று கடுமையாகச் சொல்லி, மே 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விசாரணைக்குத் தடை விதித்தது. வழக்கின் முடிவு எப்படி இருந்தாலும், கொள்முதல் எந்த அளவுகோலில் நடக்கிறது என்பதை மாதந்தோறும் பொதுவெளியில் வைத்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். வைக்கிறார்கள் இல்லை.

கம்பிக்கு இந்தப் பக்கம்

பகல் பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் தூக்குகிறார்கள். பல கடைகளில் முன்பக்கம் முழுக்க இரும்புக் கம்பி. நடுவில் ஒரு பாட்டிலும் ஒரு கையும் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் ஒரே நேரத்தில் நான்கைந்து கைகள், ஒவ்வொன்றிலும் மடித்த நோட்டுகள். வரிசை என்பது பெயருக்குத்தான். "அண்ணே, ஒரு குவார்ட்டர்", "தம்பி, கூலிங் பீர் இருக்கா?" என்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. உள்ளே ஃபேன்கூடச் சரியாகச் சுற்றாத அறையில் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு மூன்று ஊழியர்கள். மால்களில் இருக்கும் குளிரூட்டப்பட்ட 'எலைட்' கடைகளில் கூடையை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்து வாங்கலாம். இரண்டையும் நடத்துவது ஒரே நிறுவனம்தான். மரியாதையிலும் சாதாரணம், பிரீமியம் என்ற பிரிவு உண்டு போலிருக்கிறது.

கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஊழியர்கள் மாநிலம் முழுவதும் 23,629 பேர்: மேற்பார்வையாளர்கள் 6,567, விற்பனையாளர்கள் 14,636, உதவி விற்பனையாளர்கள் 2,426. இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தும் தொகுப்பூதியம்தான். 2025 ஏப்ரலில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் உயர்த்தியபோது அரசுக்கு ஆன கூடுதல் செலவு ஆண்டுக்கு 64.08 கோடி. அரசுக்கு டாஸ்மாக் கொண்டுவந்து கொட்டுவதை நாள் கணக்கில் பிரித்தால், ஒரு நாள் வருவாயில் பாதிகூட இல்லை அது.

பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் என்ற புகார் ஊரறிந்தது. குடிக்கிறவர் இதைத் தனி வரியாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். ஊழியர் சங்கங்களிடம் கேட்டால் வேறு பட்டியல் வரும்: லாரியிலிருந்து பெட்டி இறக்கும் கூலி, வழியில் உடையும் பாட்டில், கடையின் மின்கட்டணம், மேலிருந்து கேட்டு வருகிறவர்கள். அரசு இதற்குத் தேடிய தீர்வு தொழில்நுட்பம். ஆலையிலிருந்து கடை வரை ஒவ்வொரு பாட்டிலையும் கியூ.ஆர். குறியீட்டால் பின்தொடரும் கணினித் திட்டம், சுமார் 294 கோடி ரூபாய்க்கு ரெயில்டெல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஸ்கேன் செய்தால் விலை தெரியும், ரசீது வரும். கூட்டம் முண்டும் இரவு ஒன்பதரை மணிக்கு எத்தனை பேர் ரசீது கேட்டு நிற்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் ஒழுங்காக நடந்திருக்கிறது. மலைப்பகுதிக் காடுகளில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானைகளின் காலைப் பதம் பார்க்கின்றன என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் உத்தரவிட, 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. பாட்டிலில் ஒட்டுவில்லை ஒட்டுவது, திரும்பி வந்ததை எண்ணிச் சாக்கில் கட்டுவது எல்லாம் கூடுதல் வேலை என்று ஊழியர்கள் முணுமுணுத்தாலும், விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. விலையில் பத்து ரூபாயை நகர்த்தினால் குடிக்கிறவரின் பழக்கமும் நகரும் என்பதற்கு அரசின் கையிலேயே இருக்கும் சான்று இது.

கடை குறைந்தால் குடி குறையுமா?

2016 மே மாதம் மீண்டும் பதவியேற்ற ஜெயலலிதா, முதல் நாளே 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டார். காலை பத்து மணிக்குப் பதிலாகப் பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கச் சொன்னார். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500 கடைகளை மூட உத்தரவிட்டார். அதற்குள் உச்ச நீதிமன்றத்திலிருந்து பெரிய இடி. பா.ம.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்பு வந்தது. மக்கள்தொகை இருபதாயிரத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கு இந்தத் தூரம் பிறகு 220 மீட்டராகத் தளர்ந்தது. தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூட வேண்டி வந்தது. மாற்று இடம் தேடி ஊருக்குள் வந்த கடைகளை, தெருவில் உட்கார்ந்து பெண்கள் மறித்ததெல்லாம் 2017 கோடையில்தான்.

அந்த ஆண்டின் கணக்கு என்ன சொல்கிறது? 2016-17-ல் வருவாய் சுமார் 26,995 கோடி. அத்தனை கலவரத்துக்கும் பிறகு 2017-18-ல் சுமார் 26,798 கோடி. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. அடுத்த ஆண்டே 31,000 கோடியைத் தாண்டியது. 2023 ஜூன் 22-ல் மேலும் 500 கடைகள் மூடப்பட்டு எண்ணிக்கை 5,329-லிருந்து 4,829 ஆனது. அந்த நிதியாண்டின் வருவாய் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 1,700 கோடி கூடுதல்.

இந்தத் தொகைகளுக்குள் விலை உயர்வும் அடங்கியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எவ்வளவு பணம் வந்தது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பைசா சுத்தமாகச் சொல்லும் மதுவிலக்குத் துறையின் கொள்கைக் குறிப்பு, எவ்வளவு பேர் எவ்வளவு குடித்தார்கள் என்பதை அந்த அக்கறையோடு சொல்வதில்லை. ஆனால் ஒன்று தெளிவு. அடுத்த கடை இரண்டு கிலோமீட்டரில் இருக்கும்வரை, ஒரு கடை மூடினால் குடிக்கிறவர் நடக்கிறார், குடியை விடுவதில்லை. மூடப்பட்ட கடைகளின் எண்ணிக்கை மேடையில் சொல்வதற்கு வசதியான எண்.

கொரோனா ஊரடங்கு நாள்கள் இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டின. நாற்பது நாளுக்கு மேல் மூடிக்கிடந்த கடைகள் 2020 மே 7-ஆம் தேதி சென்னை தவிர்த்த பிற பகுதிகளில் திறந்தன. ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய் விற்பனை. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க, 16-ஆம் தேதி மறுபடி திறந்தன. நாளுக்கொரு நிறத்தில் டோக்கன் கொடுத்துக் கூட்டத்தைச் சமாளித்தார்கள். பள்ளிக்கூடமும் கோயிலும் பூட்டிக்கிடந்தபோது நிர்வாகத்தின் முழு வேகத்தையும் பார்த்த இடம் அது.

யாருக்கு எந்த உரிமம்?

* எஃப்.எல்.1: சில்லறை விற்பனை. டாஸ்மாக்குக்கு மட்டும்.
* எஃப்.எல்.2: உறுப்பினர்களுக்குப் பரிமாறும் மன்றங்கள். 'மனமகிழ் மன்றம்' என்று ஊரில் பலகை தொங்குவது இந்த வகையில்தான்.
* எஃப்.எல்.3: நட்சத்திர ஓட்டல்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3-ஏ.
* கடையை ஒட்டிய பார்: தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில் சேகரிக்கவும் டெண்டர் மூலம் தனியாருக்குத் தரப்படும் உரிமை.
* தூரம்: வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர்.
* வயது: 21. நேரம்: பகல் 12 முதல் இரவு 10 வரை.

முன்வாசல் மூடினால் பின்வாசல்

கடைகள் குறைந்த பல ஊர்களில் இன்று அதிகம் கேட்கும் புகார் மனமகிழ் மன்றங்களைப் பற்றியது. சீட்டாடவும் கேரம் ஆடவும் உறுப்பினர்கள் கூடும் இடம் என்பது காகிதத்தில். வாசலில் நிற்கும் இருசக்கர வாகனங்களைப் பார்த்தால் அத்தனை பேரும் உறுப்பினர்களா என்று சந்தேகம் வரும். டாஸ்மாக் கடை வேண்டாம் என்று மறியல் செய்து ஜெயித்த தெருவிலேயே மன்றம் திறந்தால், மக்களுக்கு எங்கே போய்ப் புகார் சொல்வது என்றே புரிவதில்லை.

2023 மார்ச்சில் இன்னொரு வாசல் திறந்தது. மாநாடு, விளையாட்டுப் போட்டி, திருமண மண்டபம் ஆகியவற்றில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று விதி திருத்தப்பட்டது. கல்யாண வீட்டில் பந்திக்குப் பக்கத்தில் பாட்டிலா என்று கூட்டணிக் கட்சிகளே கேட்ட பிறகு, ஏப்ரலில் திருமண மண்டபத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். சர்வதேச நிகழ்ச்சிகளுக்கும் ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்கும் மட்டுமே என்று விளக்கம் வந்தது. கடைகளை மூடுவதாக அறிவித்ததும் இந்தத் திருத்தமும் சில வாரங்களுக்குள் நடந்தவை. ஒரு கை எண்ணிக்கையைக் குறைக்கும்போது இன்னொரு கை வாசலை அகலப்படுத்தியது.

கருணாபுரத்தில் நடந்தது

டாஸ்மாக்கை மூடச் சொல்கிறவர்களுக்கு அரசு தரப்பு எப்போதும் சொல்லும் பதில், மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் விஷச்சாராயத்துக்குப் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபத்தைந்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் பார்வையைத் தின்னும், பிறகு ஆளை.

இரண்டு முறையும் டாஸ்மாக் கடைகள் திறந்தே இருந்தன. ஆகவே கடை இருந்தால் கள்ளச்சாராயம் வராது என்ற வாதம் நிற்காது. கருணாபுரத்தில் சாராயம் வாங்கியவர்களில் கூலி வேலைக்காரர்கள் அதிகம். பாக்கெட் சாராயம் ஐம்பது ரூபாய் அளவில் கிடைத்தது. டாஸ்மாக்கில் மிகக் குறைந்த விலைக் குவார்ட்டர் 2024 பிப்ரவரி உயர்வுக்குப் பிறகு 140 ரூபாய். விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போய், கள்ளச்சாராயத்தைக் கண்காணிக்கும் காவல் பிரிவைக் கவனிக்காமல் விட்டால், அடித்தட்டில் இருப்பவர் எங்கே போவார் என்பதை அந்த ஜூன் மாதம் காட்டிவிட்டது. அதன் பிறகு சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனையும் பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதமும் சேர்க்கப்பட்டன. 2024 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹாலையும் ஒழுங்குபடுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இனி அதிகாரம் இல்லை என்ற சாக்குக்கு இடமில்லை.

பக்கத்து மாநிலங்கள் கற்ற பாடம்

அரசே விற்பதா, தனியாரிடம் விடுவதா என்று நாடு முழுவதும் ஊசலாட்டம்தான். ஆந்திரம் 2019 அக்டோபரில் சில்லறை விற்பனையை அரசு கைக்கு மாற்றியது. கேள்விப்படாத பிராண்டுகள், எகிறிய விலை என்று மக்கள் சலித்துப்போனார்கள். 2024 அக்டோபரில் 3,396 கடைகளைக் குலுக்கல் முறையில் தனியாருக்குத் திருப்பித் தந்தது புதிய அரசு. தலா இரண்டு லட்சம் ரூபாய் திரும்பாக் கட்டணத்தோடு சுமார் தொண்ணூறாயிரம் விண்ணப்பங்கள். கடை திறக்கும் முன்பே 1,800 கோடி கல்லாவில். டெல்லி 2021 நவம்பரில் தனியாருக்குத் திறந்துவிட்டு, ஒரு வருடம் முடிவதற்குள் பின்வாங்கியது. அந்தக் கொள்கையால் எழுந்த வழக்குகள் முதல்வரையே சிறைக்கு அனுப்பின. முழு மதுவிலக்குக் கொண்டுவந்த பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயச் சாவுகள்.

கேரளத்தின் பெவ்கோ 1984-ல் தொடங்கியது. அரசுக் கடைகள் முந்நூற்றுச் சொச்சம்தான், நம்மிடம் இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கள்ளுக்கடை உண்டு, பார் உண்டு. குடி அங்கேயும் குறைவில்லை. 2014-ல் ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழான பார்களை மூடிப் பார்த்து, 2017-ல் மறுபடி திறந்தார்கள். நம் ஊரில் மாநில மரமான பனையிலிருந்து இறக்கும் கள் குற்றம். ஆலைச் சரக்கு அரசு வியாபாரம். இதைக் கேட்டுக் கள் இயக்கத்தினர் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அவர்கள் கேள்விக்குச் சுகாதாரம் சார்ந்த பதில் எந்த அரசிடமிருந்தும் வந்ததில்லை.

உரிமையாளர் யார் என்பதைவிட, அவருக்கு இட்ட வேலை என்ன என்பதே முக்கியம் என்பதற்கு ஸ்வீடன் நல்ல உதாரணம். அங்கேயும் சில்லறை மது அரசு ஏகபோகம்தான். 1955-ல் வந்த சிஸ்டம்போலாகெட் நிறுவனத்துக்குக் கடைகள் சுமார் 450. சனிக்கிழமை மதியத்தோடு மூடல், ஞாயிறு விடுமுறை. பீரைக் குளிரவைத்து விற்பதில்லை, நிறைய வாங்கினால் தள்ளுபடி கிடையாது, எந்தப் பிராண்டையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது. லாபத்தைப் பெருக்குவது நோக்கமே அல்ல. 1997-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த ஏகபோகத்தை அனுமதித்தபோது அடிப்படையாக நின்றது இரண்டு: மக்கள் நலம் என்ற நோக்கம், எந்தத் தயாரிப்பாளருக்கும் பாரபட்சமில்லாத கொள்முதல். டாஸ்மாக்கை இந்த இரண்டு அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால் எதில் தேறும்?

பணத்தின் முடிச்சு

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்கள் விற்பனை வரி உரிமையை ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டன. தங்கள் விருப்பப்படி விகிதத்தை மாற்றக்கூடியதாக மிஞ்சிய பெரிய இனங்கள் இரண்டு: பெட்ரோலியமும் மதுவும். தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் சுமார் நான்கில் ஒரு பங்கு மதுவிலிருந்து வருகிறது. 2024-25-ல் 1.15 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தந்த மகளிர் உரிமைத்தொகைக்கு ஆன செலவு பதின்மூவாயிரம் கோடிக்கு மேல். கணவன் கொடுப்பதில் கால் பங்கைத்தான் மனைவி திரும்ப வாங்குகிறாள் என்று கிராமத்துப் பெண்களே கணக்குச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் கட்சிகளின் மதுவிலக்குப் பேச்சு பாதியோடு நின்றுவிடுகிறது. 2016 தேர்தலில் இரு பெரும் கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாகவே தந்தன. 2024 அக்டோபர் 2-ல் உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மாநாட்டு மேடையில் ஆளுங்கட்சியும் இருந்தது. எந்த மேடையிலும் மாற்று வருவாய்க்கான பட்டியல் வாசிக்கப்பட்டதில்லை. சொத்து வரியா, பத்திரப் பதிவா, வாகன வரியா? ஒவ்வொன்றும் வாக்கை இழக்கவைக்கும் பதில் என்பதால் கேள்வியே கேட்கப்படுவதில்லை.

மூடாமலே செய்யக்கூடியவை

நாளைக்கே மதுவிலக்கு வராது. அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை.

முதலாவது விலை. ஒரு குவார்ட்டரில் இருக்கும் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. 650 மில்லி பீரில், ஐந்து சதவீத வகை என்றால் 32.5 மில்லி. எட்டு சதவீத வகை என்றாலும் 52 மில்லிதான். ஆனால் சாதாரணக் குவார்ட்டரைவிடப் பீர் மலிவாகக் கிடைப்பதில்லை. ஒரு ரூபாய்க்கு எதில் போதை அதிகம் என்று பார்த்தால் மலிவுப் பிராந்திதான் ஜெயிக்கிறது. கூலித் தொழிலாளி ஏன் அதை வாங்குகிறார் என்பதற்கு இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. ஆல்கஹால் அளவை வைத்து வரி போட்டால் சந்தை மென்மையான பானத்தின் பக்கம் நகரும். 180 மில்லிக்குக் கீழே அளவு இல்லாததால் இருவர் சேர்ந்து 'கட்டிங்' போடுவது வழக்கம். துணை கிடைக்காதவர் முழுவதையும் தானே குடிக்கிறார். 90 மில்லி பாக்கெட் பற்றி 2023-ல் அமைச்சர் முத்துசாமி பேசியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த யோசனை அப்படியே அமுங்கியது. பள்ளி மாணவர் பையில் போகும் என்ற அச்சம் நியாயம்தான். அளவு பற்றிய விவாதமே கூடாது என்பது நியாயம் அல்ல.

இரண்டாவது, விற்பவரையும் கண்காணிப்பவரையும் பிரிப்பது. மதுவிலக்கு ஆணையரும் டாஸ்மாக்கும் ஒரே துறையில், ஒரே அமைச்சரின் கீழ் இருக்கும்வரை, விற்பனை குறைந்தால் யாரும் மேலதிகாரிக்கு நல்ல செய்தி என்று சொல்ல மாட்டார்கள். தீபாவளி, பொங்கல் முடிந்த மறுநாள் எத்தனை கோடி விற்றது என்று சாதனைப் பட்டியல்போலச் செய்தி வருவது இதன் அடையாளம். கண்காணிப்பைச் சுகாதாரத் துறையின் பக்கம் நகர்த்தலாம்.

மூன்றாவது சிகிச்சை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர் குடிக்கிறார். அப்படியானால் இந்த 48,344 கோடியின் பெரும்பகுதி கொஞ்சம் பேரின், அதிலும் தினமும் குடிக்கிறவர்களின், பையிலிருந்து வருகிறது. கை நடுங்கிக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்குக் காத்து நிற்பவருக்குத் தேவை சொற்பொழிவு அல்ல, வட்டார மருத்துவமனையில் ஒரு படுக்கையும் தொடர் சிகிச்சையும். மது வருவாயில் நூற்றுக்கு ஒரு ரூபாயைச் சட்டப்படி ஒதுக்கினாலே ஆண்டுக்கு 480 கோடி. விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு இப்போது போவது சில கோடிகள்.

இவற்றில் எதற்கும் புரட்சி வேண்டாம், சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தால் போதும். பணம் குறையும் என்பதுதான் தடை. குறையத்தான் வேண்டும், குடி குறைந்தால் வருவாய் குறையாமல் எப்படி இருக்கும்? மானியக் கோரிக்கையின்போது அவையில் எழும் அமைச்சர், இந்த ஆண்டு டாஸ்மாக் வருவாய் இத்தனை கோடி குறைந்திருக்கிறது, இதைச் சாதனையாகவே சொல்கிறேன் என்று வாசிக்க வேண்டும், எதிர்க்கட்சி வரிசையும் மேசையைத் தட்ட வேண்டும். அப்படி ஒரு நாள் வரும்வரை, மதுவைக் கட்டுப்படுத்தவே அரசு அதை விற்கிறது என்ற பேச்சை நம்ப யாருக்கும் அவசியமில்லை.